மூடியக்கா வீட்டுச் சோபாவில் இரு கம்பெனிகள்

கூட்டாளிக் கம்பெனிகள் அறிவைப் பகிர்ந்தால் புதுமை பிறக்கும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை அது மூடியக்கா வீட்டுச் சோபாவில்தான் பிறந்தது.

மூடியக்கா மூடிக் கம்பெனியில் சோதனைப் பிரிவு. கணவர் எதிர்ச்சாரியில் பாட்டில் கம்பெனி. மாதந்தோறும் அறிவுப் பகிர்வுக் கூட்டம் உண்டு. “எங்கள் மூடியின் விட்டம் ரகசியம்” என்பார்கள் இவர்கள். “எங்கள் கழுத்தளவும் அப்படியே” என்பார்கள் அவர்கள். கைதட்டிக் கலைவார்கள். பாட்டில்கள் ஒழுகும்.

பழி மூடிமேல் விழுந்தது. அக்காவின் பிரிவையே கலைத்துவிடப் பேச்சு. வீடு திரும்பியதும் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், அதெல்லாம் ஒரு பாட்டிலா, அதுக்கொரு கழுத்தா?”

“உன் மூடி மட்டும் என்னவாம்? அண்ணன் சட்டையத் தம்பி போட்ட மாதிரி தொளதொளன்னு!”

“அளவு கேட்டா ரகசியம்னீங்க. ஜன்னல் வழியா பார்த்துக் குத்துமதிப்பா செஞ்சோம்.”

“சூட்டோட பார்த்திருப்பீங்க. ஆறினா வாய் சுருங்கும்டி!”

“அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்ன?”

மூடி சிறுத்தது, ஒழுகல் நின்றது. ஆனால் பாட்டிலை யாராலும் திறக்க முடியவில்லை. பிரிவுக்கு மறுபடியும் கண்டம்.

ஒழுகலை நிறுத்தியது சண்டைதான் என்று மோப்பம் பிடித்த இரு மேனேஜர்களும் மாலையில் வந்து சோபாவில் அமர்ந்தார்கள்.

“எங்களப் பார்க்காதீங்கம்மா. தாராளமா திட்டுங்க.”

விருந்தாளிகள் முன்னால் யாருக்குத் திட்ட வாய் வரும்?

“நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்றார் மூடியக்கா.

“இல்லம்மா, உன் பக்கம்தான் நியாயம்” என்றார் கணவர்.

“இப்படிக் கொஞ்சினா பிரிவைக் கலைக்க வேண்டியதுதான்” என்றார் மூடி மேனேஜர்.

சண்டை மூளட்டும் என்று அக்கா கணவரை நறுக்கென்று கிள்ளினார். “நல்லா கிள்ளுற” என்று அவர் பாராட்டினார்.

பாட்டில் மேனேஜர் பொறுமை இழந்து மூடி மேனேஜர் பக்கம் திரும்பினார். “உங்க ஆளுக்குச் சண்டையும் வரல, மூடியும் வரல. மொழுமொழுன்னு கை வழுக்குது!”

“விளிம்புல பல்லு வெச்சா உங்க கழுத்துல இடிக்குமேய்யா!”

“கழுத்த ஏத்திட்டுப் போறோம். எப்பவாவது கேட்டியா?”

“கேட்டா ரகசியம்பே!”

கழுத்தளவு, விட்டம், எல்லாம் கூடத்தில் கொட்டின. அக்கா காதைத் தீட்டிக்கொண்டார். பல் வைத்த மூடி வந்தது, குழந்தையும் திறந்தது, பிரிவு பிழைத்தது.

மேனேஜர்கள்தான் எழுந்திருக்கவில்லை. தினமும் மாலை வந்து சண்டை போடுகிறார்கள். வாசலில் ‘கூட்டு ஆராய்ச்சி மையம்’ என்று பலகை. சொந்தத் தகராறுக்குத் தம்பதி பஸ் நிறுத்தத்துக்குப் போகிறார்கள். நேற்று நானும் அங்கே நின்றிருந்தேன்.

“யோவ், மெதுவா பேசு” என்றார் மூடியக்கா, “யாராவது குறிப்பெடுத்துடப் போறாங்க.”