லினக்ஸ்தான் நிற்கும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனிடம் யாரும் ரிப்பேரோடு விடுவதில்லை, "விண்டோஸ், மேக், லினக்ஸ்... கடைசியில எது நிக்கும்?" என்று எதிர்காலத்தையும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும். அமெரிக்காவில், பார்சிப்பனி என்கிற ஊரில் நண்பன் செந்திலோடு கடை போட்ட நாளிலிருந்து என் பதில் ஒன்றுதான்: கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்களில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ்.

பல் டாக்டர்

யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் என் பேச்சை நம்பி, கிளினிக் முழுக்க லினக்ஸ் போடச் சொன்னார். போட்டேன். கம்ப்யூட்டர்கள் பறந்தன. மறுநாள் காலை, ஈறு வீங்கிய ஒருவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்க, எக்ஸ்ரே படம் திரைக்கு வரவில்லை. அந்த மென்பொருளுக்கு விண்டோஸைத் தவிர எதுவும் ஆகாதாம். ஓடிப்போய் ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸைத் திரும்பப் போட்டேன். அப்போதும் விடாமல், "இன்னும் கொஞ்ச வருஷத்துல இதுவும் லினக்ஸ்ல ஓடும் டாக்டர்" என்றேன்.

"எதிர்காலம் ஆறுதலா வரட்டும் தம்பி. எனக்கு இண்டைக்கு எக்ஸ்ரே வேணும்."

குப்பைக்குப் போகாத லேப்டாப்புகள்

புது விண்டோஸ் ஏறாத பழைய லேப்டாப்புகளைத் தமிழ்ப் பள்ளியில் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். பள்ளியை நடத்தும் மீனா ஆன்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஆன் பண்ணின உடனே ஆன் ஆயிடுச்சு? ஏதோ தப்பா இருக்கு, நல்லா செக் பண்ணு."

செந்தில்

ரியல் எஸ்டேட் ஆபீஸ் ஒன்று வருஷ கான்ட்ராக்ட் தருவதாகக் கூப்பிட்டது. அதன் முதலாளியும் அதே கேள்வியைக் கேட்டார். மேஜைக்கடியில் செந்தில் என் காலை மிதித்தான். நான் லினக்ஸ் என்றேன். கான்ட்ராக்ட் வேறு கடைக்குப் போனது.

பார்க்கிங்கில் செந்தில் வெடித்தான். "விண்டோஸ்னு சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"தோணாததை எப்படிடா சொல்றது?"

கொஞ்ச நாளில் அவன் தனிக்கடை போட்டுவிட்டான். வருத்தமாகத்தான் இருந்தது, மாற்றிப் பேச மட்டும் வாய் வரவில்லை. கடைச் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"நீ சொன்னது நடந்தா போன் பண்ணு. அதுவரைக்கும் நான் நடக்கிறதை வித்துட்டு இருக்கேன்."

நாளைக்கு நீங்கள் வந்து கேட்டாலும் லினக்ஸ் என்றுதான் சொல்வேன். வேண்டுமானால் எதிர்காலம் தன் கருத்தை மாற்றிக்கொள்ளட்டும்.