பொடியளை வித்த மனேஜர்

ஊரில் யுத்தம் முடிந்த வருசம், எங்கள் வீட்டில் ரிவியை ஒருவரும் போடுவதில்லை. மே மாதத்தில் எல்லாம் முடியும்வரை இரவு பகலாகச் செய்தி ஓடிய பெட்டி அது. பிறகு மனைவி அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். நான் மட்டும் ஹொக்கி நடக்கும் நேரத்தில் அந்தத் துணியை விலக்குவேன்.

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே ஐஸ் ஹொக்கி எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த விளையாட்டில் ஒரு கொடுமை உண்டு. ஆட்டக்காரனை ஒரு வார்த்தை கேட்காமலே இன்னொரு நகரத்து அணிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்த அதிகாரம் ஜெனரல் மனேஜர் என்று ஒருவரிடம் இருக்கும். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் அணியின் மனேஜர், கண்ணுக்கு முன்னால் வளர்ந்த இரண்டு இளம் ஆட்டக்காரர்களை, ஆட்டத்தில் முன்பல்லை இழந்த ஒருவன் உட்பட, கொடுத்துவிட்டு, முழங்காலில் கட்டுப்போட்ட ஒரு கிழட்டு ஆட்டக்காரனை வாங்கிவந்தார். நகரமே திட்டியது. தொழிற்சாலையில் என்னோடு எதிலுமே ஒத்துப்போகாத சுப்பர்வைசர்கூட அன்று என் தோளில் தட்டினார்.

எனக்கு ஆறவில்லை. தமிழ் வானொலியில் சனிக்கிழமை பின்னேரம் நேயர்கள் பேசும் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்று போகும். மீன் வாங்க மனைவி தமிழ்க் கடைக்குள் போயிருக்க, நான் வெளியே காரில் இருந்தபடி வானொலிக்கு அழைத்தேன். லைனில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நான் நின்றுகொண்டிருக்கும்போதே விளையாட்டு நிகழ்ச்சி முடிந்து, இனி எங்கள் இனத்தின் கதி என்ன என்று பேசும் அரசியல் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. அது எனக்குத் தெரியாது.

"வணக்கம், உங்கட கருத்தைச் சொல்லுங்கோ" என்றார் அறிவிப்பாளர்.

"அண்ணை, எங்கட பொடியளை வித்துப்போட்டு உவன் ஒண்டும் நடக்காத மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். ஆரும் கேக்கிறேல்லையோ?"

பொடியள் என்றால் எங்கள் பேச்சில் இளைஞர்கள். அந்த வருசத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்குப் போராடப் போனவர்களைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். அறிவிப்பாளரின் குரல் இறங்கியது. பேரைச் சொல்லவேண்டாம், சட்டச் சிக்கல் வரும், ஆனால் ஆளை எல்லாருக்கும் விளங்குகிறது என்றார். இவரும் ஹொக்கி பார்க்கிறார் என்று எனக்குப் புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அந்த இரண்டு பேரும்தான் எங்கள் எதிர்காலம் என்றும், அவர்களைக் கொடுத்து முழங்கால் ஏலாத ஒருவனை வாங்கியிருக்கிறான் என்றும் விளக்கமாகச் சொன்னேன்.

"முழங்கால்..." என்று அவர் யோசித்தார்.

"ஓம், வலது முழங்கால்."

நன்றி சொல்லி அடுத்த நேயரிடம் போய்விட்டார்.

மனைவி மீன் பையோடு ஓடிவந்தார். கடையில் அந்த வானொலிதான் பாடிக்கொண்டிருந்ததாம். என் குரலைக் கேட்டு மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். முழங்கால் ஏலாதவன் யார் என்று கடைக்குள் பெரிய விவாதமாம். "உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டுக்கொண்டே கார் வானொலியைப் போட்டார். பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து ஓர் அன்ரி அழுதுகொண்டிருந்தார். அந்த முழங்கால்காரனில் தனக்கு ஆரம்பம் தொட்டே சந்தேகமாம். அடுத்து வந்த ரெக்ஸ்டேல்காரர், அவன் இப்போது குடியிருக்கும் இடம்கூடத் தனக்குத் தெரியும் என்றார்.

ரெக்ஸ்டேலில் முழங்கால் வருத்தத்தோடு எத்தனை அப்பாவித் தமிழர் இருப்பார்கள்! திரும்ப அழைத்தேன். இந்தமுறை உடனே எடுத்தார்கள்.

"அண்ணை, நான் சொன்னது ஹொக்கி. ஐஸ் ஹொக்கி."

கெட்ட பேச்சு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த முன்பல்லு இல்லாத பொடியனையுமோ குடுத்திட்டாங்கள்?" என்று அறிவிப்பாளர் மெதுவாகக் கேட்டார்.

"ஓம், அண்ணை."

"அறுவான்" என்று திட்டினார், நேரடி ஒலிபரப்பில்.

அதற்குப் பிறகு மிச்ச நேரம் முழுக்க அந்த மனேஜருக்குத்தான் திட்டு விழுந்தது. ஹொக்கி மட்டையைக் கையால் தொடாதவர்களெல்லாம் அழைத்தார்கள். அன்ரியும் மறுபடி வந்து, எந்த விளையாட்டாக இருந்தாலும் பொடியளை விற்றது பிழைதான் என்றார். மனைவி டாஷ்போர்டில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கொஞ்சம் அழவும் செய்தார். நான் காரை எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் கிழட்டு ஆட்டக்காரன் நன்றாகவே விளையாடினான். கொடுத்துவிட்ட இருவரும் போன இடத்தில் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், மனேஜர் செய்தது சரி போலத்தான் தெரிகிறது. கொஞ்ச வருசத்தில் அவரை வேலையால் நிறுத்தியபோது, பாவம், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்குமே என்றார் மனைவி. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் புதிதாக வந்தவர் முதல் மாதமே எங்கள் கோல் காக்கும் கோலியைக் கொடுத்துவிட்டார். அவரைத் திட்டத் தொடங்கியதில் பழையவரை மறந்துபோனேன்.