எட்டு விநாடி முந்தி வந்த நட்சத்திரம்

நட்சத்திரத்தை அளக்கிற வேலைக்கு அண்ணாந்து பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, குனிந்து பார்க்கத் தெரிந்தால் போதும். காரைக்குடியில் ஆறு வருசம் குனிந்து பார்த்தவள் சொல்கிறேன். டைப் அடித்து விரல் வீங்கியவர்கள், அச்சகத்தில் பிழை திருத்திக் கண் பூத்துப் போனவர்கள், பரீட்சைத் தாளுக்கு மார்க் போட்டுத் தலை கிறுகிறுத்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது நம் கூட்டத்துக்காக எழுதுவது.

வேலைக்கு ஆள் எடுத்தது

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டுக்காரர் நகை ஆசாரி. அவர் கம்பி இழுத்து முடித்ததும், கனம் ஒரே சீராக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பது என் வேலை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற சார் ஒரு நாள் மகளுக்குத் தோடு செய்யக் கொடுக்க வந்திருந்தார். நான் ஒரு கம்பியை மூன்று தடவை பார்த்துவிட்டு, நாலாவது தடவையும் கையில் எடுத்தேன். “எதுக்கும்மா இத்தனை தடவை?” என்றார். “மூணு தடவையும் சரியா இருந்துச்சு சார், அதான் சந்தேகமா இருக்கு” என்றேன்.

அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த மாதிரி ஆளைத்தானாம். வானத்தில் இரண்டு நட்சத்திரங்கள். எரிந்து முடிந்து, பூமியளவுக்குச் சுருங்கிப் போனவை. வெள்ளைக் குள்ளன் என்று பேராம். காரைக்குடியில் ஏறிய பஸ் குன்றக்குடி போய்ச் சேருவதற்குள் ஒன்றையொன்று ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிடும். ஒன்று மற்றதை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் குறையும். மலைமேல் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கருவி அந்த வெளிச்சத்தை ஓடுகிற காகிதச் சுருளில் பேனாக் கோடாக இழுக்கும். வெளிச்சம் குறைகிற இடத்தில் கோட்டில் ஒரு பள்ளம் விழும். “ரெண்டும் சுத்தச் சுத்த நெருங்கும். நெருங்க நெருங்க வேகமாச் சுத்தும். அப்ப பள்ளம் கொஞ்சம் முந்தி விழணும். அந்தக் கொஞ்சத்தைத்தான் பிடிக்கணும்” என்றார் சார். பள்ளத்தின் நடுவை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவது வேலை. வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டார். அவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். “தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சார். இங்க உக்காந்து கவலைப்படுறவ அங்க உக்காந்து கவலைப்படட்டும்.”

பந்திக்கட்டு

ஒரு சுருளை விரித்தால் நாற்பது அடி, ஐம்பது அடி போகும். கல்லூரியில் அத்தனை நீள மேஜைக்கு எங்கே போவது? பெரிய வீடு ஒன்றில் கல்யாணப் பந்தி போடுகிற கட்டு சும்மா கிடந்தது. அதைச் சார் கேட்டு வாங்கினார். முன்கட்டில் வீட்டு ஆச்சி மட்டும் இருந்தார்கள். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, இலை விரிக்கிற மாதிரி நாங்கள் காகிதத்தை விரித்தோம்.

முதல் நாள் ஆச்சி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு விவரம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். எரிந்து முடிந்த இரண்டு நட்சத்திரம், பிரியாமல் சுற்றுகிறது, வருசம் போகப் போக இன்னும் நெருங்குகிறது என்றேன். ஆச்சி குனிந்து ஒரு பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். “எரிஞ்சு முடிஞ்சும் விட்டுப் பிரியலையா? சம்பந்தம் பேசினவுக நல்லாப் பார்த்துத்தான் பேசியிருக்காக.”

இரண்டு நோட்டு

என்னோடு அளந்தவள் சிவகாமி. பி.எஸ்ஸி. முடித்தவள். சாக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரே சுருளை இரண்டு பேரும் தனித்தனியே அளந்து தனித்தனி நோட்டில் எழுத வேண்டும், ஒருத்தி நோட்டை ஒருத்தி பார்க்கக் கூடாது என்பது சாருடைய சட்டம். ஒருத்தி தப்புச் செய்தால் மற்றவள் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

ஒரு பள்ளத்துக்கு அவளுக்கு ஒரு நிமிசம், எனக்கு ஐந்து நிமிசம். எழுதிய பிறகும் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருவேன். ஒரு வாரம் எங்கள் இரண்டு நோட்டும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் ஒத்துப்போயிற்று. சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காப்பியடித்தீர்களா என்று எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிவகாமி சோற்று டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “அக்காவைப் பார்த்து எழுதணும்னா அக்கா முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கணும் சார். அதுக்குள்ள எனக்குச் சாக்கோட்டை பஸ்ஸு போயிரும்.”

நிலாவில் ஆள் இறங்கியபோது

அந்த வாரம் ஊரெல்லாம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. எங்களுக்குச் சுருள்களைப் பார்சலாகக் கொண்டுவருகிற தபால்காரர் கையெழுத்து வாங்கியும் போகாமல் நின்றார். நான் ஒரு பள்ளத்தின்மேல் கவிழ்ந்திருந்தேன். அதே பள்ளத்தில்தான் முந்தின நாளும் என்னைப் பார்த்திருந்தார். “அங்குட்டு ஆளே இறங்கிட்டான். நீங்க இன்னும் இங்குட்டே அளந்துக்கிட்டு இருக்கீக. கொஞ்சம் வெரசா அளந்தா என்னம்மா?”

கூழ் வடகம்

நாலு வருசம் அளந்தும் பள்ளம் முந்தவில்லை. ஒரு விநாடி இப்படி, ஒரு விநாடி அப்படி, அவ்வளவுதான். மலையிலிருந்து கடிதம் வந்தது. இந்த வருசத்துக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் இனிச் சுருள் அனுப்புவதற்கில்லை என்று. சுருள் இல்லையென்றால் சாருக்கு ஆராய்ச்சி இல்லை, எனக்கும் சிவகாமிக்கும் வேலை இல்லை. நான் பழையபடி கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்து ஐப்பசி மழையில் நனைந்து பதினோரு சுருள் வந்தது. காகிதம் தொளதொளவென்று கிடந்தது. பூசணம் பிடித்தால் என்ன செய்வது? சார் வெளியூரில் பரீட்சை வேலையாகப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்து வெயில் வந்தது. ஆச்சி மெத்தையில், அதாவது மொட்டை மாடியில், கூழ் வடகம் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே நான் சுருள்களை விரித்து ஓரத்தில் கல் வைத்தேன். மூன்று நாள் காய்ந்ததும் அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகிவிட்டது. எனக்கு மனசு நிறைந்தது. காவலுக்கு உட்கார்ந்த சிவகாமி கையில் குச்சியோடு கேட்டாள்: “காக்கா வடகத்தைத் தூக்குதான்னு பாக்கவா, நட்சத்திரத்தைத் தூக்குதான்னு பாக்கவா அக்கா?”

எட்டு விநாடி

அந்தப் பதினோரு சுருளையும் அளந்து நோட்டுகளைக் கொடுத்தோம். மறுநாள் சார் செருப்பைக் கழற்ற மறந்து பந்திக்கட்டுக்குள் வந்தார். பள்ளங்கள் முந்திவிட்டன. சில இடத்தில் எட்டு விநாடி. இரண்டு நோட்டும் அதையேதான் சொன்னது. ஆச்சிக்கும் எங்களுக்கும் மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். திங்கட்கிழமை கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “நாலு வருசம் கழிச்சு வந்துட்டானுகம்மா. அதுவும் எட்டு விநாடி முன்னாலேயே வந்துட்டானுக.”

ஒரு மில்லிமீட்டர்

மைசூர்பாகு எனக்கு இறங்கவில்லை. இரண்டு நோட்டும் ஒத்துப்போனால் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆச்சி ஒரு டப்பா வடகம் கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன். மெத்தையில் பிழிந்தபோது உள்ளங்கை அகலம் இருந்தது நாலணா அகலத்துக்கு வந்திருந்தது. டப்பாவை அப்படியே வைத்துவிட்டுப் பந்திக்கட்டுக்கு ஓடினேன்.

சுருளில் மணிக்கு ஒரு தடவை கருவி ஒரு கடிகாரக் கோடு போடும். அந்தக் கோட்டிலிருந்து பள்ளம் எத்தனை தூரம் என்றுதான் அளப்போம். கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் முந்நூற்றறுபது மில்லிமீட்டர். அது மாறாது என்று நினைத்ததால் அதை யாரும் அளந்ததே இல்லை. பித்தளை ஸ்கேலை வைத்தேன். முந்நூற்று ஐம்பத்தொன்பது. ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்து விநாடி. முந்தியது நட்சத்திரம் இல்லை, வெயிலில் சுருங்கிய காகிதம். கோட்டுக்குப் பக்கத்துப் பள்ளம் ஒரு விநாடி முந்தியிருக்க, தூரத்துப் பள்ளம் எட்டு விநாடி முந்தியிருந்ததும் அதனால்தான். சிவகாமியும் காய்ந்த சுருளைத்தானே அளந்தாள், அவள் நோட்டு எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சுருள் வந்துகொண்டிருக்கும், வேலையும் இருக்கும். சொன்னால் எல்லாம் போகும். ஆனால் கட்டுரையும் சுருளும் மலைக்குப் போய், அங்கே யாராவது ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சார் முகம் என்னவாகும்? திங்கட்கிழமை காலையில் சார் உறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொல்லிவிட்டேன். அவர் உறையைக் கீழே வைத்தார். பந்திக்கட்டுக்கு வந்து தானே அளந்தார். நாலு தடவை அளந்தார். ஸ்கேலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “வடகமாவது நல்லாக் காஞ்சுச்சா?”

ஆறு பெட்டி

சார் நடந்ததை நடந்தபடி மலைக்கு எழுதிவிட்டார். அதற்குப் பிறகு பார்சல் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தாமலே போனார். நான் பட்டறையில் உட்கார்ந்து கம்பி பார்த்தேன். வீட்டுக்காரர் என் பக்கம் பார்க்காமல் ஊதிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ரயிலடியிலிருந்து ஒரு மாட்டுவண்டி பெரிய வீட்டு வாசலில் வந்து நின்றது. ஆறு மரப்பெட்டி. கூடவே ஒரு கடிதம். என் பேச்சைக் கேட்டு, நாங்கள் அளந்து திருப்பி அனுப்பியிருந்த பழைய சுருள்களை அங்கேயும் கோட்டுக்குக் கோடு அளந்து பார்த்திருக்கிறார்கள். மழைக்காலச் சுருள் ஒரு நீளம், கோடைக்காலச் சுருள் ஒரு நீளம். ஆகவே ஆரம்பம் முதல் உள்ள எல்லாச் சுருளையும், பள்ளத்துக்கு இரண்டு பக்கத்துக் கடிகாரக் கோட்டையும் சேர்த்து அளந்து, மறுபடி எழுதித் தர வேண்டுமாம். “அந்தச் சந்தேகக்கார அம்மாவையே அளக்கச் சொல்லுங்கள்” என்று அடியில் எழுதியிருந்தது. சார் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சிவகாமி பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அடுத்த தடவை மனசு உறுத்துச்சுன்னா, சார்ட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

அந்த ஆறு பெட்டியையும் அளந்து முடிக்க இன்னும் இரண்டு வருசம் ஆயிற்று, நட்சத்திரம் ஒரு விநாடிகூட முந்தவில்லை, இன்னும் பத்து இருபது வருசம் அளந்தால்தான் தெரியும் என்று சார் சந்தோசமாகச் சொல்கிறார், அவை இரண்டும் நெருங்குவதற்குள் என் மூக்குக்கண்ணாடியை மாற்ற நேரம் கிடைக்குமா என்பதுதான் இப்போதைக்கு என் கவலை.