கரமனையில் இருந்த அண்ணனின் பெட்டி

ஆயுத பூஜைக்கு இவருக்கு ஆபீஸ் லீவு. அம்மாவைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, அன்றைக்கே திருவனந்தபுரம் கிளம்பினேன். அதுதான் முதல் தப்பு.

அறுபத்தைந்து போரில் இறந்த என் அண்ணனின் டிரங்குப் பெட்டி, அவனோடு ஒரே படையில் இருந்த நண்பரின் வீட்டில், திருவனந்தபுரத்துக் கரமனையில், ஐந்து வருடமாக இருந்தது. தானே கொண்டுவருவதாக அவர் எழுதிக்கொண்டே இருந்தார், லீவு வாய்க்கவில்லை. இதற்குள் அம்மாவின் கண் மங்கிக்கொண்டே வருகிறது. முழுக்க மங்குமுன் அந்தப் பெட்டியில் இருக்கும் அவன் கையெழுத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். அதற்குத்தான் இந்தப் பயணம்.

நாகர்கோவிலில் காலை ஆறரைக்கு பஸ். நாற்பது மைல், இரண்டரை மணி நேரம். மூன்று வயது மகளுக்குச் சளி வேறு. பிளாஸ்க், மாற்றுத்துணி, மருந்து என்று இரண்டு பை. ஊர் நெருங்கும்போது ஒரு பாலம் வந்தது. மகளுக்கு ஆற்றைக் காட்டினேன். பிறகு கடைசி ஸ்டாப்பான தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பழவங்காடி வரை நடந்து, முக்கால் மணி நேரம் நின்று டவுன் பஸ் பிடித்தேன். கரமனைக்கு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என் பைகளைப் பார்த்தார்.

"நாகர்கோவில் வண்டியிலா வந்தது? அது கரமனை வழியல்லோ சேச்சி!"

இறங்கிய இடத்திலிருந்து அதே பாலம் தெரிந்தது. மகள் "ஆறு" என்று கை தட்டினாள்.

நண்பரின் மனைவி லலிதா மாமி காபி கொடுத்து, பெட்டியைத் திறந்து காட்டினார். சட்டை, பெல்ட், ஷேவிங் செட், இரண்டு போட்டோ. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"கடுதாசியெல்லாம் பூஜையிலன்னா இருக்கு," என்றார். "நேத்து சாயங்காலமே வெச்சாச்சு."

இங்கே புத்தகங்களைச் சரஸ்வதி முன் வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது வெறும் லீவு நாள். இது தோன்றவே இல்லை. வாதாடிப் பார்த்தேன். அன்றைக்கே திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மருந்து ஒருவேளைக்குத்தான் இருக்கிறது, தந்தி அடிக்கலாம் என்றால் தபாலாபீஸும் மூடியிருக்கிறது. மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே என் மகளுக்கு ரசம் சாதம் பிசைந்தார்.

"அவனோட எழுத்தும் எழுத்துதானேன்னு எங்காத்துக்காரர்தான் மொதல் வருஷம் வெச்சார். இப்ப நடுவுல எடுத்து, ராத்திரி குழந்தைக்கு ஜுரம் வந்துடுத்துன்னா ரெண்டு பேருக்கும் மனசு கேக்குமா, சொல்லுங்கோ."

இதையெல்லாம் நம்பாத என்னிடம் போய் இப்படிச் சொன்னால்? ஆனாலும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரி தங்குவதென்று முடிவு செய்தேன். ஆரியசாலை மிளகாய் மண்டிக்கு வந்திருந்த எங்கள் ஊர் லாரியில் வீட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்பினோம். லாரிக்காரர் மறந்துபோனார். இவர் ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை மாமி பட்டுத்துணியை எடுத்தார். அவர் பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், சந்தனப் பொட்டோடு, அண்ணனின் சபைப் பாட்டுப் புத்தகமும் கடிதக் கட்டும். எடுத்ததும் எதையாவது வாய்விட்டு வாசிக்க வேண்டுமாம். கட்டின் மேலேயே அம்மாவுக்கு அவன் எழுதி முடிக்காத இன்லண்ட் லெட்டர் இருந்தது. வாசித்தேன்.

"லீவு கிடைத்தால் உங்களைக் கரமனைக்கு, என் நண்பன் வீட்டைப் பார்க்க, நானே கூட்டிப்போவேன். அதற்குள் போவதானால் சின்னவளை நம்பிப் போகாதீர்கள். அவள் யாரிடமும் கேட்கமாட்டாள். நேரே தம்பானூரில் போய்த்தான் இறங்குவாள்."

மாமிதான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது. சளி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று மகளிடம் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: பூஜை நாட்களில் இந்த மாதிரிக் காரியத்துக்குப் போகாதீர்கள். குழந்தைக்கு இரண்டு நாள் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். லாரியில் செய்தி அனுப்பாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து போனால் பாலம் தாண்டியதும் இறங்கிவிடுங்கள்.

அம்மா அந்தக் கடிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணோடு ஒட்டவைத்து, எழுத்து எழுத்தாக வாசித்தாள். வெகுநேரம் ஆயிற்று. முடித்ததும் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மக்ளே, நீ எங்க எறங்கின?"