சடை நாய்க்குக் கத்திரி

மலைமேல் குண்டூர் நாட்டில் ஒரு பெங்களூர்க்காரர் கட்டிய ஓய்வு வீட்டுக்கு நான் காவல் இருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அவர் ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டார். ஹங்கேரி நாட்டு ஆட்டு நாய். முழங்கால் உயரம். கறுப்பு முடி கயிறு கயிறாக முறுக்கிக்கொண்டு தரையைத் தொடும்.

"சீப்பு படக்கூடாது, கத்திரி படவே கூடாது. சடை ஒட்டிக்கிட்டா விரலால பிரிக்கணும். குளிப்பாட்டினா ஃபேன் போட்டு ரெண்டு நாள் காயவைக்கணும்" என்றார். ஐப்பசி மழையில் இங்கே கரண்டு இருக்குமா என்று அவர் கேட்கவில்லை.

கட்டிப்போட்டால் குரைத்தே தொண்டை கட்டிக்கொள்ளும். அவிழ்த்துவிட்டால் பக்கத்துக் காட்டு அக்காவின் ஆடுகளை மரவள்ளிக்குள் போகவிடாமல் வளைத்துக்கொண்டு வரும். யாரும் பழக்கவில்லை.

"ஏனுங் தம்பி, இதுக்குக் கண்ணு எங்கிருக்குதுங்க? முன்ன போகுதா பின்ன வருதான்னே தெரியலீங்க!" என்று அக்கா சிரிப்பார்.

மழை பிடித்தது. ஒன்பது நாள் கரண்டு இல்லை. சடை நனைந்த சாக்காகக் கனத்தது. பிழிந்தேன், அடுப்பருகே படுக்கவைத்தேன், உள்ளே காயவில்லை. நாறியது. பிரித்துப் பார்த்தால் தொடையில் தோல் வெந்து புழு நெளிந்தது.

சிக்னலுக்காக மேட்டில் ஏறி வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"வெட்டாதே. அடுத்த மாசம் நாய்க் கண்காட்சிப் போட்டி இருக்கு. அஞ்சு வருஷம் வளர்த்த முடிடா அது."

நாய்க்கு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றி எரிகிறது.

கத்திரியை எடுத்ததும் அக்கா தடுத்தார். "வேண்டாஞ் சாமி. சடை விழுந்ததுல கை வெக்காதீங்க, தெய்வ குத்தம்."

கயிறுகளை விலக்கிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. உட்கார்ந்து நாயின் தலையை மடியில் அழுத்திப் பிடித்தார். "வெட்டுங்க. குத்தம் வந்தா அந்தக் கார்க்காரனுக்கு வரட்டும்."

மொண்ணைக் கத்திரி. ஒரு பகல் முழுக்க வெட்டினேன். செம்மேட்டு மாட்டாஸ்பத்திரியில் மருந்து வாங்கிவந்து போட்டேன். புண் ஆறியது.

மழை விட்டதும் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்ற நாயைப் பார்த்துவிட்டு, "இது யார் நாய்? என் நாய் எங்கே?" என்றார்.

அது அவர் காலை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இதுதாங்க" என்றேன்.

"இதை வெச்சு நான் என்ன பண்றது?"

"உசுரோட இருக்குதுங்க. வேற என்ன பண்ணணும்?"

வேலை அங்கேயே போனது. அதைப் பற்றி ஒன்றுமில்லை. காரில் ஏறிக்கொண்டே, "நாயை நீயே வெச்சுக்க" என்று பிச்சை போடுவதுபோலச் சொன்னார். கை ஓங்கிவிட்டேன். அக்கா குறுக்கே வந்து பிடித்துக்கொண்டார்.

"உடுங்க தம்பி. குடுத்துட்டுப் போறான், மறுக்கா மனசு மாறுறதுக்குள்ள போகட்டும்."