துண்டுக் கம்பியும் தார்ப்பாயும்

போன வாரம் திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். ஒன்பது மணிக்கு கான்கிரீட் மிக்சர் வரும். எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன்... ஒரு துண்டுக் கம்பியைக்கூடக் காணோம்!

துண்டுக் கம்பிதானே என்று நினைக்காதீர்கள். கம்பியை அளவுக்கு வெட்டியதும் மிஞ்சுகிற துண்டுகள் வழக்கமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். இந்த இன்ஜினீயர் விடுவேனா? அவற்றையே வளைத்து 'சேர்' செய்யத் திட்டமிட்டிருந்தேன். தளத்தின் மேல்கம்பியைத் தாங்கும் கால்கள் அவை. அவை இல்லையென்றால், ஆள் மிதித்ததும் மேல்கம்பி கீழே படுத்துவிடும்.

புதுக் கம்பியை வெட்டலாமே? ஒரு முழுக் கம்பிகூட மிஞ்சாமல் லேப்டாப்பில் கணக்குப் போட்டு வாங்கிய புத்திசாலியும் நான்தான்.

கம்பி மேஸ்திரி செல்வம் சிரித்தார். "சிக்கலாக் கெடந்தப்ப ஒருத்தராலயும் உருவ முடியல சார். நீங்கதான் நிமித்தி, அளவு வாரியா, கடை மாதிரி ரோட்டோரம் அடுக்கி வச்சீங்க."

ஊருக்குள் ஓடினேன். ஒரு துண்டில் ஆடு கட்டியிருந்தது. என்னை முறைத்தது. மற்றதெல்லாம் மல்லிகா அக்காவின் நெல் குவியலைச் சுற்றி, தார்ப்பாயைப் பிடித்தபடி மண்ணில் இறங்கியிருந்தன. வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அது எங்க கம்பி..."

"தாராளமா எடுத்துக்க தம்பி. காத்துல பாய் பறந்தா, நெல்லு மேல நீயே படுத்துக்க."

"அக்கா!"

"பின்ன? ஈரம் ஏறுனா கொள்முதல்ல எடுப்பாங்களா?"

நியாயம்தானே? மறுசுழற்சியை நான் காலேஜில் நாலு வருஷம் படித்தேன். ஊர் அதை ஒரே ராத்திரியில் செய்து முடித்துவிட்டது—என்னிடம் சொல்லாமல்!

சட்டென்று யோசனை வந்தது. சைட்டில் காலி சிமென்ட் சாக்கு மலைபோல் கிடக்கிறதே! இரண்டு பேரோடு நானே மண்வெட்டி பிடித்து, அங்கே குவிந்திருந்த மணலை நிரப்பினேன். தார்ப்பாயின் ஓரமெல்லாம் மூட்டை வைத்தோம். அக்கா ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைப் பிடுங்க விட்டார்.

மிக்சர் வந்தது. செல்வம் கடைசி சேரை வளைத்து வைத்தார். பதினொரு மணிக்குக் காற்று சுழன்றடித்தது. பாய் அசையவில்லை. மேல்கம்பியும் அசையவில்லை. அப்படி ஒரு பெருமை எனக்கு!

சாயங்காலம் செல்வம் தலையைச் சொறிந்தார்.

"சார்... சாக்குல அள்ளுனீங்களே, அது பூச்சு வேலைக்காக ரெண்டு நாளாச் சலிச்சு வச்ச மணலு."

நெல் எப்போது எடைக்குப் போகும் என்று மல்லிகா அக்காவிடம் தினமும் பணிவோடு விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.