ஹங்கேரிக்குக் கொண்டுபோன மிளகாய்த்தூள்

ஹங்கேரி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். அந்த நாடு எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கோபமெல்லாம் நான் கூட்டிக்கொண்டு போன ஆள் மேல்தான், அதாவது என் கணவர் மேல்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் ஓர் அலுவலகக் கன்டீனில் எனக்குச் சமையல் வேலை. விடியமுன் வெஸ்ட்லியில் ரயில் ஏறி, பகல் முழுக்க ஊர்ப்பட்ட பேருக்கு ஆக்கிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே திரும்பவும் புட்டு, சோறு, கறி. இன்னொருவர் ஆக்கியதை உட்கார்ந்து சாப்பிடுவது கலியாண வீடுகளில் மட்டும்தான். அங்கும் பாதி நேரம் குசினிக்குள் நிற்பேன். என்னோடு வேலை செய்த ஹங்கேரிக்காரி உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் தன் தாயின் கிராமத்தைப் பற்றிச் சொல்வாள். ஆற்றுமீனைச் பப்ரிகா என்ற சிவப்புத் தூள் போட்டு முற்றத்தில் விறகடுப்பில் கொதிக்க வைப்பார்களாம். புளிச் செர்ரியில் குளிர்ந்த சூப் செய்வார்களாம். மின்கம்பத்தின் மேல் செங்கால் நாரை கூடு கட்டியிருக்குமாம். "கோடையில் வா. அம்மா உன்னை ஒரு வெங்காயம்கூட வெட்ட விடமாட்டார்" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் டிக்கெட் எடுத்தேன்.

போவதற்கு முதல் சனிக்கிழமை கணவர் குறொன்லாண்டில் தமிழ்க் கடைக்குப் போய் வறுத்த மிளகாய்த்தூள் இரண்டு பை வாங்கி வந்தார். "அங்கை என்ன கிடைக்குமோ ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிப் பெட்டிக்குள் அடுக்கினார். எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் தூளை மறக்கமாட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அப்போதே பல்கனியால் வீசியிருக்க வேண்டும்.

என் கன்டீன் தோழியும் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். முதல்நாள் மாலை அவளின் தாய் மூன்று கம்பிகளை நாட்டி இரும்புச் சட்டியைத் தொங்கவிட்டு மீன் சூப் காய்ச்சினார். நான் உதவிக்கு எழும்ப, தோளில் கை வைத்து அமர்த்திவிட்டார். சிவப்பாக, எண்ணெய் மிதக்க, கெண்டை மீனின் வாசத்தோடு கோப்பை வந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தமிழில் "உறைப்பில்லை" என்றார். கூடவந்த எங்கள் சின்ன மகளைப் படுக்க வைக்க நான் உள்ளே போனேன். அவர் முற்றத்தில் தாயோடும் என் தோழியோடும் கதைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தத் தாய் தன் ஏப்ரனைக் கழற்றி என்னிடம் தந்து, குசினியைக் காட்டினார். மேசையில் உரித்த கோழி இரண்டு. நான் கணவரைப் பார்த்தேன்.

"நீர் ஒரு கறி வையும். சும்மா வந்து சாப்பிட்டிட்டுப் போறது எங்களுக்கு வடிவில்லை."

ஒருநாள் மரியாதைக்கு என்று வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் கோழி வந்தது. பிறகு வாத்து. பக்கத்து வீட்டார் வந்தார்கள், அவர்களின் மைத்துனர்கள் வந்தார்கள். எல்லோரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டுப் புகழ்ந்தார்கள். பிளம்ஸ் பிராந்தியை வைத்துக்கொண்டு அந்தப் புகழையெல்லாம் என் கணவர் வாங்கினார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். தேங்காய் நான்.

அவர்கள் காட்டுக்குப் போனார்கள், ஆற்றுக்குப் போனார்கள். நான் கறிச்சட்டிக்குக் காவல் இருந்தேன். ஆற்றிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்த என் மகள், "அம்மா, உங்களுக்கும் ஃபேரியேதானே?" என்றாள். விடுமுறையை அவள் நோர்வேஜியத்தில்தான் சொல்வாள். தகப்பனுக்குப் போகவேண்டிய ஏச்சு அந்தப் பிள்ளைக்குப் போனது.

கடைசி நாள், எங்கள் பிரியாவிடைக்கு என்று கணவர் அந்தத் தெருவையே கூப்பிட்டிருந்தார். ஆட்டுத்தொடை வந்திருந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, தாயும் என் தோழியும் குசினிக்குள் வந்தார்கள். தாய் ஏதோ கேட்டார். தோழி தயங்கித் தயங்கி நோர்வேஜியத்தில் சொன்னாள்.

"எங்கள் சாப்பாடு உனக்கு அவ்வளவு அருவருப்பா என்று அம்மா கேட்கிறார்."

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். மீன் சூப்பை நான் மரியாதைக்காகக் குடித்தேனாம். மற்றவர் சமைத்தால் என் வயிறு ஏற்காதாம். குசினியை என்னிடம் விட்டுவிடுவது நல்லதாம். முதல்நாள் இரவு என் கணவர் சொல்லியிருக்கிறார். கன்டீனில் நான் எல்லாம் சாப்பிடுகிறவள் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் சொன்னது புருசன் அல்லவா? எனக்காகச் செய்து வைத்த செர்ரி சூப்பைத் தாய் பன்றிக்கு ஊற்றியிருக்கிறார்.

எனக்கு உச்சி கொதித்தது. கத்தியை வைத்தேன். ஏப்ரனைக் கழற்றினேன். "அது பொய். எனக்கு அந்த மீன் சூப்தான் வேண்டும் என்று சொல்" என்றேன். தோழி அதைத் தங்கள் மொழியில் சொன்னாள். தாய் உடனே போய்ப் பக்கத்து வீட்டில் மீன் வாங்கி வந்து நெருப்பு மூட்டினார்.

சூப் கொதித்து முடிகிற நேரம் கணவர் சனத்தோடு வந்து சேர்ந்தார்.

"என்ன, இன்னும் கறி வைக்கேல்லையோ?"

"எனக்கு வயித்துக்கு ஒத்துவராது எண்டு சொன்னனீங்களோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேறை என்னெண்டு சொல்லுறது. எனக்குப் பிடிக்கேல்லை எண்டு சொன்னா மரியாதையில்லையெல்லோ."

தன் மரியாதைக்கு என் வயிற்றை விற்றிருக்கிறார். அதையும் ஏதோ நியாயம் போலச் சொல்கிறார்.

தாய் முதல் கோப்பையை எனக்குத் தந்தார். பிறகு அயலவர்களுக்கும் என் மகளுக்கும் ஊற்றினார். கடைசியில் அகப்பையோடு என் கணவர் முன்னால் வந்து நின்றார். ஆற்றில் நீந்திவிட்டுப் பசியோடு வந்த மனிதர், இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார்.

நான் என் தோழியிடம் நோர்வேஜியத்தில் சொன்னேன். "இவருக்கு உங்கள் சாப்பாடு ஒத்துவராது என்று அம்மாவிடம் சொல்."

அவள் சொன்னாள். தாய் அவரைத் தாண்டி வந்து என் கோப்பையை நிரப்பினார்.